மாஃபியா ஆட்டத்தில் அம்மா மேல் சத்தியம் செய்யலாமா?

ஊஞ்சல்பலகை:

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் தாத்தா வீட்டில் கூடியிருந்தோம். மாட்டுப் பொங்கல் ராத்திரி, சாப்பாடு முடிந்து கூடத்தில் பாய் விரித்து மாஃபியா ஆடினோம். ஆடிப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சீட்டு குலுக்கிப் போட்டு, யாருக்கும் தெரியாமல் சிலர் மாஃபியா ஆவார்கள், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். ராத்திரி என்று சொன்னதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும், மாஃபியா மட்டும் கண்ணைத் திறந்து ஒருவரைத் தூக்கும். விடிந்ததும் மிச்சமிருப்பவர்கள் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள். மாஃபியா மொத்தமும் பிடிபட்டால் ஊர் ஜெயித்தது, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் மாஃபியா ஜெயித்தது. நடத்துகிறவருக்கு காட் என்று பெயர்.

என் தம்பி காட். ஆடியது 8 பேர். 2 மாஃபியா, ஒரு டாக்டர் (ராத்திரியில் ஒருவரைக் காப்பாற்றுகிறவர்), ஒரு டிடெக்டிவ் (ராத்திரியில் ஒருவர் மாஃபியாவா என்று சோதித்துத் தெரிந்துகொள்கிறவர்), 4 ஊர்க்காரர்கள். முதல் ராத்திரி அண்ணி போனார், அவர்தான் டிடெக்டிவ். பகலில் சித்தப்பாவைத் தப்பாக வெளியேற்றினோம். இரண்டாம் ராத்திரி மாமா பையன், அவன் டாக்டர். இரண்டாம் பகலில் அத்தை தன் வீட்டுக்காரரையே கைகாட்டினார், "இந்த மனுஷன் சும்மா இருக்கிற ஆளே இல்ல, இன்னைக்கு வாயத் தொறக்கல பாருங்க" என்று. சரியாகத்தான் சொன்னார், மாமா மாஃபியா. மூன்றாம் ராத்திரி அத்தையைத் தூக்கிவிட்டார்கள். மிச்சம் 3 பேர்: நான், பெரியம்மா பையன் (எனக்கு அண்ணன்), சித்தி பெண். அவளுக்கு 14 வயது. நான் ஊர்க்காரி, அதனால் அண்ணன்தான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு எங்கள் இரண்டு பேரில் யார் என்று தெரியாது. ஆட்டமே அவள் விரலில் நின்றது.

அவள் நிதானமாக யோசிக்கிற பெண். கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா, மாமாவுக்கு ஓட்டுப் போடும்போது நாங்க மூணு பேர் கை தூக்கினப்புறம்தானே நீங்க தூக்கினீங்க, ஏன்?" என்று கேட்டாள். அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்து, "அம்மா மேல சத்தியமா நான் இல்லடா" என்றார்.

பெரியம்மா ஆட்டத்தில் இல்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்து மறுநாளுக்கு முல்லை கட்டிக்கொண்டிருந்தார். நாரில் முடிச்சுப் போடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. சித்தி பெண் பெரியம்மாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அப்புறம் என் பக்கம் விரலை நீட்டினாள். அண்ணன் சீட்டைத் திருப்பிப் போட்டார். மாஃபியா.

மாமா கைதட்டினார். அவள் அழ ஆரம்பித்தாள். தோற்றதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "சத்தியம் பண்ணாரே." பெரியம்மா மடியில் இருந்த பூவைத் தட்டில் வைத்துவிட்டு, "என் தலைதான் கெடச்சுதா ஒனக்கு" என்று கேட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பொய் சொல்கிற ஆட்டத்தில் பொய் சொன்னேன், இதில் என்ன தப்பு என்கிறார் அண்ணன். சத்தியம் இந்த ஆட்டத்துக்குள் வரவே கூடாது என்கிறேன் நான். நீங்கள் உங்கள் வீட்டில் எப்படி ஆடுகிறீர்கள்?

நேர்கோடு:

உங்கள் அண்ணன் பக்கம்தான் நான். ஆடுவதற்கு முன்னால் சத்தியம் கூடாது என்று யாராவது சொன்னீர்களா? சொல்லவில்லை. காட் சொல்லாத விதியை ஆட்டம் முடிந்த பிறகு கொண்டுவந்து ஜெயித்தவர் தலையில் கட்டுவது சரியில்லை. மாஃபியா சீட்டு வந்தவருக்கு வேலை ஒன்றுதான், நம்ப வைப்பது. "நான் டிடெக்டிவ்" என்று பொய் சொன்னால் சாமர்த்தியம் என்கிறீர்கள், "சத்தியமா நான் இல்ல" என்று பொய் சொன்னால் துரோகம் என்கிறீர்கள். இரண்டும் வாயால் சொன்ன பொய்தானே?

இன்னொன்று. அந்தப் பெண் கையில் துப்பு இருந்தது. மூன்று கை ஏறி முடிவு தெரிந்த பிறகு நாலாவதாகக் கை தூக்குகிறவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதை விட்டுவிட்டு ஒரு வார்த்தையை நம்பினாள். 14 வயதில், வீட்டுக்குள், ஒரு நஷ்டமும் இல்லாமல் அதைத் தெரிந்துகொண்டது நல்லதுதான். நாளைக்கு ஃபோனில் ஒருவன் "கடவுள் சத்தியமா உங்க பணம் பத்திரம் மேடம்" என்று சொல்லும்போது இது ஞாபகம் வரும்.

தாமிரபரணி:

நேர்கோடு, ஒரு நஷ்டமும் இல்லாமல் என்று எழுதியிருக்கிறீர்களே, பெரியம்மா கேட்டதைப் படித்தீர்களா? எங்கள் பக்கம் பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் செய்தோமோ அவர்களுக்கு ஆகாது என்பார்கள். நீங்கள் நம்ப வேண்டாம், நானும் முழுசாக நம்புகிறேனா என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு நாற்பது வயது ஆகிறது, இன்றுவரை அம்மா தலையில் அடித்து ஒரு பொய் சொன்னதில்லை, இனிமேலும் சொல்ல மாட்டேன். ஆடாமல் ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தவரை அவரைக் கேட்காமலே ஆட்டத்துக்குள் இழுத்துப்போட்டு, அவர் உயிரைப் பணயம் வைத்து ஒரு ஓட்டு வாங்கியிருக்கிறார் அவர் பிள்ளை. அந்த அம்மா சீட்டு எடுக்கவே இல்லையே.

நேர்கோடு:

அக்கா, பெரியம்மாவுக்கு மனசு கஷ்டப்பட்டது உண்மை, அதற்கு அண்ணன் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற விஷயம். ஆட்டம் செல்லுமா செல்லாதா என்பது வேறு கேள்வி. நான் பேசுவது இரண்டாவது கேள்வியைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் அழுதவர் பக்கமே எப்போதும் தீர்ப்புப் போகும்.

கணக்குவாத்தியார்:

செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன், பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தும்போது இந்த ஆட்டத்தைப் பலமுறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன்.

டாக்டர், டிடெக்டிவ் இரண்டையும் எடுத்துவிடுங்கள், கணக்கு எளிதாகும். 8 பேர், அதில் 2 மாஃபியா. முதல் ராத்திரி ஒருவர் போனால் பகலில் 7 பேர். யாருக்கும் எதுவும் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகலிலேயே மாஃபியா மாட்ட 7-ல் 2 வாய்ப்பு. மாட்டினால் அடுத்த பகலில் 5 பேர், அதில் ஒரு மாஃபியா, அங்கிருந்து ஊர் ஜெயிக்க 15-ல் 7. முதல் பகலில் தவறவிட்டால் அடுத்த பகலில் 5 பேரில் 2 மாஃபியா, அங்கிருந்து ஊர் ஜெயிக்க 15-ல் 2 தான். எல்லாம் சேர்த்துப் பெருக்கிக் கூட்டினால் 35-ல் 8 வருகிறது, கிட்டத்தட்ட 23 சதவீதம். ஆள் கொஞ்சம், மாஃபியா இரண்டே இரண்டு, அதற்கே ஊர் நாலில் மூன்று முறைக்கு மேல் தோற்கிறது. 2008-ல் ப்ரேவர்மன், எட்டெசாமி, மொசெல் என்ற மூன்று கணிதக்காரர்கள் இதையே பெரிய கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். டிடெக்டிவ் இல்லாத ஆட்டத்தில், ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால் என்ன வருமோ ஏறத்தாழ அந்த அளவு மாஃபியா இருந்தாலே இரண்டு பக்கமும் சமபலத்துக்கு வந்துவிடும். பேச்சும் துப்பும் ஊருக்கு எவ்வளவு அவசியம் என்பது இதிலிருந்தே தெரியும்.

இப்போது சத்தியத்தை உள்ளே விடுங்கள். எங்கள் வீட்டில் யாருமே பொய்ச் சத்தியம் செய்ய மாட்டோம் என்று இருந்தால் என்ன ஆகும்? முதல் பகலிலேயே ஒருவர் சொல்வார், "வரிசையா எல்லாரும் அம்மா மேல சத்தியம் பண்ணுங்க." ஐந்து பேர் பண்ணுவார்கள், இரண்டு பேர் முழிப்பார்கள். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர், ஊர் 100 சதவீதம் ஜெயித்தது, ஆட்டம் பத்து நிமிஷத்தில் செத்தது. சரி, எல்லோருமே கூசாமல் பொய்ச் சத்தியம் செய்கிற வீடு என்றால்? சத்தியத்துக்கு மதிப்பே இல்லை, "அட" என்று சொல்வதும் "அம்மா மேல சத்தியம்" என்று சொல்வதும் ஒன்று, திரும்பப் பழைய 23-க்கே வந்து நிற்போம், யாருக்கும் லாபம் இல்லை.

அப்படியானால் பொய்ச் சத்தியத்தால் ஒருவர் ஜெயிக்க எப்போதுதான் முடியும்? எதிரில் இருப்பவர் சத்தியத்தை உண்மையிலேயே மதிக்க வேண்டும், செய்கிறவர் மதிக்கக் கூடாது. அந்த ஒரு நிலையில்தான் அது வேலை செய்யும். அதாவது உங்கள் அண்ணன் ஜெயித்தது தன் ஆட்டத்தால் இல்லை, பெரியம்மா மேல் அந்தக் குழந்தைக்கு இருக்கிற மரியாதையால். அதனால்தான் செல்லாது என்கிறேன்.

இரவுப்பணி:

நான் ஆஸ்பத்திரியில் உளவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். "துப்பை விட்டுவிட்டு வார்த்தையை நம்பினாள்" என்று நேர்கோடு சொன்னதற்கு ஒரு விஷயம்.

மனிதர்கள் பொய்யைக் கண்டுபிடிப்பதில் எவ்வளவு சுமார் என்பதற்கு 2006-ல் பாண்ட், டிபாலோ என்ற இருவர் பல வருஷ ஆய்வுகளைத் தொகுத்துப் போட்டார்கள். 24,000-க்கும் அதிகமானவர்களின் தீர்ப்புகள் அதில் இருந்தன. எதிராளி சொல்வது பொய்யா மெய்யா என்று, வேறு எந்தத் துப்பும் இல்லாமல், பார்த்தும் கேட்டும் சொன்னதில் சராசரியாக 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டால் 50. கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன் என்று உலகம் முழுக்க நம்புகிறார்கள், ஆய்வுகளில் அது நிற்கவில்லை. நிஜமாகவே பயந்த ஊர்க்காரரும் தரையைத்தான் பார்ப்பார். அது போக, நாம் இயல்பாகவே எதிராளி சொல்வது உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறோம். நாளெல்லாம் ஒவ்வொரு பேச்சையும் சந்தேகப்பட்டால் பால்காரரிடம்கூடப் பேச முடியாது.

அதனால் அந்தப் பெண்ணை ஏமாளி என்று நினைக்காதீர்கள். அவள் செய்தது இந்த ஆட்டத்தில் பெரியவர்களே செய்யத் தவறுகிற காரியம். முகத்தை விட்டுவிட்டு, யார் எப்போது கை தூக்கினார் என்று கணக்குப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் வந்திருந்தால் அவள் அதை எடைபோட்டிருப்பாள். பதிலுக்குப் பதிலாகச் சத்தியம் வந்தது. சத்தியத்தை எப்படி எடைபோடுவது? நம்பலாம், இல்லையென்றால் அண்ணனைப் பார்த்து "உங்க அம்மா மேல பொய்ச் சத்தியம் பண்றீங்க" என்று சொல்லலாம். அவ்வளவு பேர் நடுவில், அந்த அம்மா முன்னாலேயே, ஒரு 14 வயதுப் பெண் அதை எப்படிச் சொல்வாள்?

மூன்றாம்மாடி:

இதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. காலேஜ் ஹாஸ்டலில் நாங்கள் ராத்திரி ராத்திரியாக மாஃபியா ஆடுவோம், பன்னிரண்டு பதின்மூன்று பேர், கரண்ட் போனால்கூட ஃபோன் வெளிச்சத்தில் ஆடுவோம். மாஃபியா கையசைக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்று மொத்தப் பேரும் தொடையில் தட்டிக்கொண்டே இருப்போம், கீழ் மாடியில் இருந்து திட்டுவார்கள்.

ஒருநாள் நான் என் அறை நண்பனிடம், "நம்ம ஃப்ரெண்ட்ஷிப் மேல சத்தியமா நான் இல்லடா" என்று சொல்லி ஓட்டை வாங்கிவிட்டேன். நான்தான் மாஃபியா. அன்றைக்கு அவனும் சிரித்தான். நானும் மறந்துவிட்டேன். நாலைந்து மாதம் கழித்து மெஸ் பில் விஷயத்தில் ஒரு சின்ன சண்டை, நான் கட்டிவிட்டேன் என்று நிஜமாகவே சத்தியம் செய்தேன், அவன் ரொம்ப அமைதியாக, "நீ சத்தியம் பண்ணுவடா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குக் காட்டுவதற்கு என்னிடம் ரசீது இல்லை, சொல்லுவதற்கு வார்த்தையும் இல்லை, நான் அதை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன்.

நேர்கோடு சொல்வது போல அன்று எங்களுக்கும் விதி எதுவும் இல்லை. ஆட்டப்படி நான் ஜெயித்தேன். இன்றைக்கு யாராவது என்னோடு ஆட உட்கார்ந்தால் முதலில் நானே சொல்லிவிடுவேன், சத்தியம் மட்டும் வேண்டாம் என்று.

நேர்கோடு:

மூன்றாம்மாடி எழுதியது என்னைத் தொட்டது, மறுக்கவில்லை. வாத்தியார் போட்ட கணக்கும் சரி. ஆனால் என் கேள்வி நடைமுறை சார்ந்தது. கோடு எங்கே போடுவீர்கள்? சத்தியம் கூடாது, சரி. "நான் உன்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?" என்று கேட்கலாமா? "நீயே என்னைச் சந்தேகப்படறியா" என்று கண் கலங்கலாமா? கணவனும் மனைவியும் ஆடும்போது ஒரு பார்வையே போதும், அதை எப்படித் தடுப்பீர்கள்? இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவர் எல்லோருமே எதிராளி தன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையைப் பயன்படுத்தித்தான் ஜெயிக்கிறார்கள். அது வேண்டாம் என்றால் தாயம் ஆடலாம். அத்தை எப்படி மாமாவைப் பிடித்தார்? இருபது வருஷம் கூட வாழ்ந்ததால். அது ஆட்டத்துக்கு வெளியில் இருந்து வந்த அறிவுதானே, அதை மட்டும் ஏன் பாராட்டுகிறீர்கள்?

கணக்குவாத்தியார்:

நல்ல கேள்வி. நான் போடுகிற கோடு இது. வெளியில் இருந்து அறிவைக் கொண்டுவரலாம், பிணையைக் கொண்டுவரக் கூடாது. அத்தை மாமாவைப் படித்தார், அதற்காக எதையும் அடகு வைக்கவில்லை. "நான் டிடெக்டிவ், நேத்து ராத்திரி இவனைச் சோதிச்சேன்" என்பது பொய்யாக இருந்தாலும், சீட்டைத் திருப்பியதும் அந்தப் பொய்யின் ஆயுள் முடிந்துவிட்டது, மறுநாள் காலையில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். "எனக்கு ஓட்டுப் போடாதே, நாளைக்கு உனக்கு நூறு ரூபாய் தர்றேன்" என்றால்? அது கூடாது என்று நீங்களே சொல்வீர்கள். இணையத்தில் எழுத்து மூலமாக மாஃபியா ஆடுகிற பல குழுக்களில் லஞ்சம், மிரட்டல், வெளி உலகப் பந்தயம் எதுவும் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சத்தியமும் அந்த வகைதான். ரூபாய்க்குப் பதில் அம்மா.

கண் கலங்குவதைத் தடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதற்காகத் தடுக்க முடிந்ததையும் விட்டுவிட வேண்டுமா?

பழையபகடை:

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடியில் பலகை விளையாட்டுகள் நடத்துகிறேன், ஏழெட்டு வருஷமாக. எனக்கு இதில் வேறு பார்வை. சத்தியத்தை மட்டும் குறை சொல்வதில் பயன் இல்லை, அந்தக் கூட்டத்துக்கு அந்த ஆட்டமே பொருந்தவில்லை.

மாஃபியா பிறந்த இடத்தைப் பாருங்கள். 1986-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி டேவிடாஃப் உருவாக்கியது. விஷயம் தெரிந்த சின்னக் கூட்டத்துக்கும் எதுவும் தெரியாத பெரிய கூட்டத்துக்கும் நடக்கிற சண்டை என்பதுதான் அதன் அடிப்படை. ஹாஸ்டலில் சம வயதுக்காரர்கள் ஆட வந்த ஆட்டம். 1997-ல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் வேஷம் போட்டு வேர்வுல்ஃப் ஆக்கினார், உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் இரண்டிலும் ஒரு குறை உண்டு, துப்பு ரொம்பக் குறைவு. ஓட்டு வரிசையும் பேச்சும் தவிர ஊர்க்காரருக்கு எதுவும் கிடையாது. பேச்சைத் தவிர வேறு வழி இல்லாத இடத்தில்தான் ஆட்கள் சத்தியத்துக்குப் போகிறார்கள்.

டான் எஸ்கிரிட்ஜ் 2012-ல் கொண்டுவந்த அவலான் ஆடிப் பாருங்கள். 5 முதல் 10 பேர் ஆடலாம், யாரும் நடுவில் வெளியேற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழுவைப் பணிக்கு அனுப்பலாமா என்று எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள், போனவர்கள் வெற்றி தோல்வி அட்டையைக் கவிழ்த்துப் போடுவார்கள், குலுக்கித் திறந்தால் மூன்று வெற்றி ஒரு தோல்வி என்று வரும். அந்த நாலு பேரில் ஒருவர் நிச்சயம் கெட்டவர். பேசுவதற்குக் கையில் பொருள் இருக்கிறது. அதைவிட முக்கியம், மெர்லின் என்று ஒரு பாத்திரம் நல்லவர் பக்கம், அவருக்குக் கெட்டவர்கள் யார் என்று தெரியும், ஆனால் தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் கடைசியில் கெட்டவர்கள் அவரை அடையாளம் காட்டி ஜெயித்துவிடுவார்கள். அதனால் நல்லவர்களும் மறைக்கத்தான் வேண்டும். எல்லோரும் கொஞ்சம் மறைக்கிற மேஜையில் "நான் நல்லவன், சத்தியம்" என்பதற்கு அவ்வளவு வேலை கிடையாது.

இப்போது வருகிற ப்ளட் ஆன் தி க்ளாக்டவர் என்ற இதே வகை ஆட்டத்தில் செத்தவர்களும் பேசலாம், கடைசியாக ஒரு ஓட்டும் போடலாம். அப்படி இருந்திருந்தால் அத்தையே எழுந்து, "பதில சொல்லுடா முதல்ல" என்று கேட்டிருப்பார். அந்தக் குழந்தை தனியாக மாட்டியிருக்க மாட்டாள்.

ஊஞ்சல்பலகை:

பழையபகடை அண்ணா, அவலான் கேட்கவே ஆசையாக இருக்கிறது, வாங்குகிறேன். ஆனால் ஆட்டமே பொருந்தவில்லை என்பதை ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து ராஜா ராணி திருடன் போலீஸ் ஆடியவர்கள் நாங்கள். நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து எழுதி மடித்துக் குலுக்கிப் போடுவோம், போலீஸ் சீட்டு வந்தவர் திருடனைச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் மதிப்பெண் போய்விடும். எங்கள் வீட்டில் ராஜாவுக்கு 1000, திருடனுக்கு 0. அதே அண்ணனிடம்தான் நான் திருடன் சீட்டை வைத்துக்கொண்டு ராணி மாதிரி நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொண்டேன். எத்தனை வருஷம் ஏமாற்றியிருப்போம் ஒருவரை ஒருவர்! ஒரு நாளும் யாரும் அழுததில்லை. பொய் எங்கள் வீட்டுக்கு ஒத்துக்கொள்கிற சமாச்சாரம்தான்.

நேர்கோடு, நீங்கள் சொன்ன ஃபோன்காரன் உதாரணத்தை இரண்டு நாளாக யோசித்தேன். அவள் அன்று தெரிந்துகொண்டது அது இல்லை. முன்பின் தெரியாதவன் சத்தியம் செய்து ஏமாற்றுவான் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அவள் புதிதாகத் தெரிந்துகொண்டது, அண்ணன் சத்தியம் செய்தாலும் நம்பக் கூடாது என்பது. நாளைக்கு அவளுக்கு ஏதாவது பிரச்சினை வந்து, "வீட்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம், என்ன ஆச்சு சொல்லு" என்று அண்ணன் கேட்டால் அவள் சொல்வாளா? வீட்டில் ஒரு பெண் குழந்தைக்கு மனம்விட்டுப் பேச இருக்கிற இரண்டு மூன்று பேரில் ஒருவர் அவர். அதை ஒரு மாஃபியா சீட்டுக்காகச் செலவழித்துவிட்டாரே என்பதுதான் எனக்கு வலி.

வழக்குக்கட்டு:

நடுவில் ஒரு சட்ட விஷயம், சம்பந்தம் இருப்பதால் எழுதுகிறேன். "கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொல்லுங்க, நான் கேஸை விட்டுடறேன்" என்று கட்சிக்காரர்கள் இன்றும் எங்களிடம் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 1873-ம் வருஷத்து சத்தியப்பிரமாணச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பு இன்ன முறையில் சத்தியம் செய்தால் நான் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் முன்வரலாம், அப்படிச் சத்தியம் செய்து சொல்லிவிட்டால் முன்வந்தவருக்கு எதிராக அதுவே முடிவான சாட்சியம், அதற்கு மேல் வாதமே கிடையாது. 1969-ல் வந்த புதிய சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை.

இரவுப்பணி சொன்னதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. சத்தியம் வந்தால் விசாரணை நின்றுவிடும். குறுக்கு விசாரணைக்கு வழியே இல்லை. அந்தப் பெண் கேட்டது அருமையான குறுக்கு விசாரணைக் கேள்வி, கோர்ட்டாக இருந்தால் பதில் வாங்காமல் சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கியிருக்க மாட்டோம்.

நேர்கோடு:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். என் நிலை இப்போது இது. ஆட்டம் தொடங்கும் முன் காட் "சத்தியம் கிடையாது" என்று சொல்ல வேண்டும், இதை முழு மனதோடு ஏற்கிறேன், எங்கள் வீட்டிலும் இனி அப்படித்தான். ஆனால் விதி சொல்லாத அன்றைய ஆட்டத்தை அண்ணன் ஜெயித்தார், அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். அவர் அந்த நிமிஷம் மாஃபியாவாகத்தான் உட்கார்ந்திருந்தார், அண்ணனாக இல்லை. ஆட்டத்தில் மூழ்கினவருக்கு வாய் முந்திக்கொள்ளும். திட்டம் போட்டு அம்மாவை இழுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை, கேள்வியில் மாட்டிக்கொண்டார், கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். அதற்காக அவரை வீட்டில் யாரும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

விதியை மீறிச் சத்தியம் செய்தால் என்ன தண்டனை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெறும் "கூடாது" என்றால் யாராவது செய்துவிட்டு சாரி கேட்பார், ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

தாமிரபரணி:

சத்தியம் செய்தவருக்கு அன்றைய பகலில் ஓட்டுக் கிடையாது, வாயும் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஊர்க்காரர் செய்தாலும் அதே தண்டனை. இல்லையென்றால் யார் உண்மையாகச் சத்தியம் செய்தார் என்று காட் முகத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம்மாடி:

அக்கா சொல்வதில் ஒரு ஓட்டை. மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது மாஃபியா சத்தியம் செய்துவிட்டு, ஓட்டுப் போனாலும் போகட்டும் என்று இருக்கலாமே. மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டினால் சமன், யாரும் வெளியேற மாட்டார்கள், அடுத்த ராத்திரி மாஃபியா ஜெயித்துவிடும். கடைசி மூன்றில் சத்தியம் செய்தால் நேராக அவுட் என்று வைத்தால்தான் சரி வரும்.

கணக்குவாத்தியார்:

மூன்றாம்மாடி சொல்வது சரி. கடைசி மூன்றில் நேராக அவுட். அதற்கு முன் என்றால் ஓட்டு இல்லை.

நேர்கோடு:

அந்தப் பெண் திரும்ப ஆடினாளா?

ஊஞ்சல்பலகை:

ஆடினாள். இங்கே எழுதியதற்கு அப்புறம் போன வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம், அண்ணனும் வந்திருந்தார். அண்ணன் அன்று ராத்திரியே பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார், பெரியம்மா "போடா" என்று சொன்னதோடு சரி. இவளிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, மாடியில் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள்.

இந்த முறை அவளே காட் ஆக இருக்கிறேன் என்றாள். சீட்டைக் குலுக்குவதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து, "யார் மேல சத்தியம் பண்ணினாலும் அன்னைக்கு ஓட்டுக் கிடையாது, கடைசி மூணு பேர்னா நேரா அவுட், சாமி மேலயும் கூடாது, என் மேலயும் கூடாது" என்று சொன்னாள். அண்ணனுக்கு ஊர்க்காரர் சீட்டு வந்தது. கடைசி மூன்று பேரில் அவரும் இருந்தார், அவர்மேல் சந்தேகம் வந்து இரண்டு பேரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவர் உள்ளங்கையை விரித்து, இரண்டு பகலும் யார் யாருக்கு எந்த வரிசையில் ஓட்டுப் போட்டார்கள் என்று விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ரொம்ப நேரம் சொன்னார். நம்பவில்லை, அவரைத்தான் வெளியேற்றினார்கள்.